லேப்டாப் லாக்கில் நூற்றுக்கணக்கில் ‘எரர்’... எதை விட்டுவிடலாம், எதற்குப் பயப்படணும்?

லேப்டாப் நன்றாகத்தான் ஓடுகிறது. வைஃபை கிடைக்கிறது, பிரிண்டர் வேலை செய்கிறது. ஆனால் விண்டோஸில் ‘ஈவென்ட் வியூவர்’ என்று தேடித் திறந்து, அதில் ‘சிஸ்டம்’ பகுதியைப் பார்த்தால் சிவப்பும் மஞ்சளுமாக வரிசை கட்டி நிற்கின்றன எரர்கள். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஆன் செய்யும்போதே கருப்புத் திரையில் ‘ஃபெயில்டு’, ‘பக்’ என்று வரிகள் ஓடும். லேப்டாப் போச்சா? பெரும்பாலும் இல்லை. புத்தம் புதிய லேப்டாப்பிலும் இவை இருக்கும்.

விருதுநகரை அடுத்த சூலக்கரை போன்ற ஊர்களில், பல வீடுகளுக்கு முதன்முதலில் வந்த கம்ப்யூட்டர் அரசு கொடுத்த லேப்டாப்தான். 2011 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுத்த லேப்டாப்களில் விண்டோஸோடு ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய, டெபியனை அடிப்படையாகக் கொண்ட இந்திய லினக்ஸ் அது. அதனால் இரண்டு வகை லாக் பற்றியும் தெரிந்துகொள்வது நல்லது.

டிரைவர் ஏன் இவ்வளவு புலம்புகிறது?

லாக் என்பது லேப்டாப்பின் நாட்குறிப்பு. வைஃபை, டச்பேட், கேமரா என ஒவ்வொரு பாகத்தையும் இயக்க ஒரு டிரைவர் உண்டு. அது என்ன கேட்டது, என்ன பதில் வந்தது என்பதெல்லாம் இதில் பதிவாகும். கேட்டது கிடைக்கவில்லை என்றாலும் பதிவாகும். அங்கேதான் குழப்பம்.

இன்டெல் வைஃபை உள்ள லினக்ஸ் லேப்டாப்களில் ‘ஃபர்ம்வேர் லோட் ஃபெயில்டு, எரர் மைனஸ் 2’ என்று வரும். மைனஸ் 2 என்றால் ‘அந்த ஃபைல் இங்கே இல்லை’ என்று மட்டும்தான் அர்த்தம். டிரைவர் முதலில் இருப்பதிலேயே புதிய பதிப்பைக் கேட்கும். இல்லையென்றால் அதற்கு முந்தையதை, அதுவும் இல்லையென்றால் அதற்கும் முந்தையதை. சிவகாசி காலண்டர் கடையில் புது டிசைன் இருக்கா என்று கேட்டு, இல்லை என்றதும் இருப்பதை வாங்கி வருவது மாதிரி. கடைசியில் ஒன்று கிடைத்துவிடும், வைஃபையும் வேலை செய்யும். ஆனால் நடுவில் கேட்டுக் கிடைக்காத ஒவ்வொன்றும் ‘ஃபெயில்டு’ என்றே லாக்கில் நிற்கும்.

‘ஏ.சி.பி.ஐ. பயாஸ் எரர்’ என்ற வரியும் பெரும்பாலும் இதே ரகம். கம்பெனிகள் ஒரே பயாஸ் நிரலைப் பல மாடல்களுக்குப் பயன்படுத்துவதால், உங்கள் மாடலில் இல்லாத பாகத்தின் பெயரும் அதில் இருக்கும். லினக்ஸ் அதைத் தேடிப் பார்த்துவிட்டு ‘காணோம்’ என்று எழுதி வைக்கும், அவ்வளவுதான்.

விண்டோஸில் ரொம்பப் பிரபலமானது 10016 என்ற எண். டிரைவரோடு நேரடித் தொடர்பு இல்லாத இந்த எரர், எதிர்பார்த்த ஒன்றுதான், கண்டுகொள்ள வேண்டாம் என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்லியிருக்கிறது. அப்போ ஏன் அதை நிறுத்தவில்லை? நியாயமான கேள்விதான்.

லாக்கே டிஸ்க்கை நிரப்பினால்?

பாகத்துக்கு ஆபத்தில்லாத வரிகூட ஒரு வகையில் தொல்லை கொடுக்கும். சில லேப்டாப்களில் ‘ஏ.இ.ஆர். கரெக்டட் எரர்’ என்ற வரி நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் விழும். உள்ளே பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்ற பாதை வழியாகத்தான் வைஃபை கார்டும் பிராசஸரும் பேசிக்கொள்கின்றன. பேச்சில் ஒரு துண்டு சிதைந்தால் ஹார்டுவேரே திரும்ப அனுப்பிச் சரி செய்துகொள்ளும். ‘கரெக்டட்’ என்றால் சரிசெய்யப்பட்டது என்று பொருள்.

ஆனால் அதே வரி ஓயாமல் விழுந்தால் லாக் ஃபைல் பல ஜி.பி. அளவுக்கு வீங்கிவிடும். டிஸ்க் நிரம்பினால் லாகின் செய்வதே சிக்கலாகிவிடும். லினக்ஸின் ‘ஜர்னல்’ தனக்கென ஓர் எல்லை வைத்திருக்கிறது: டிஸ்க் பகுதியில் 10 சதவீதம், அதிகபட்சம் 4 ஜி.பி. ஆனால் பழைய முறை ‘சிஸ்லாக்’ ஃபைல்களும் சேர்ந்து ஓடினால் அவற்றுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

முதலில் பயாஸையும் லினக்ஸ் கெர்னலையும் அப்டேட் செய்து பாருங்கள். பல நேரம் அதோடு அடங்கிவிடும். இல்லையென்றால் அந்தப் பாதையின் மின்சேமிப்பு வசதியை, அதாவது ஏ.எஸ்.பி.எம்.-ஐ, அணைக்கலாம். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும். ஏ.இ.ஆர். அறிவிப்பையே மொத்தமாக அணைக்கவும் வழி உண்டு, ஆனால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு உண்மையான கோளாறு வந்தாலும் அப்போது எழுதப்படாது.

தேவையானதை மட்டும் பார்ப்பது எப்படி?

லினக்ஸ் கெர்னல் ஒவ்வொரு வரிக்கும் 0 முதல் 7 வரை ஒரு எண் கொடுக்கிறது. எண் குறையக் குறையத் தீவிரம் அதிகம். ஜர்னலைப் பார்க்கும் கட்டளையில் ‘ப்ரையாரிட்டி’ 3 என்று சேர்த்தால் எரரும் அதைவிடப் பெரியவையும் மட்டும் வரும். அதிலும் மேலே சொன்ன பயாஸ் வரிகள் எட்டிப் பார்க்கலாம், ஆனால் கூட்டம் வெகுவாகக் குறைந்துவிடும். விண்டோஸில் ‘கிரியேட் கஸ்டம் வியூ’ போய், ‘கிரிட்டிக்கல்’, ‘எரர்’ இரண்டையும் டிக் செய்து, ஈவென்ட் எண் பெட்டியில் 10016-க்கு முன்னால் ஒரு மைனஸ் போட்டால் அது பட்டியலில் வராது.

இவற்றை மட்டும் விடாதீர்கள்

விண்டோஸில் ‘டிஸ்க்’ என்ற பெயரோடு 7 என்ற எண் வந்தால் டிஸ்க்கில் கெட்டுப்போன பகுதி இருக்கிறது. லினக்ஸில் டிஸ்க் பெயரோடு ‘ஐ.ஓ. எரர்’ திரும்பத் திரும்ப வந்தாலும் இதே கவலைதான். வேறு எதுவும் செய்யும் முன் போட்டோ, சர்டிபிகேட், அச்சக டிசைன் ஃபைல் எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள். ‘மெஷின் செக்’ என்று வரும் ஹார்டுவேர் எரர் பிராசஸர், மெமரி சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். ‘வெப்பம் வரம்பைத் தாண்டியது, வேகம் குறைக்கப்பட்டது’ என்ற பொருளில் வரும் வரி விருதுநகர் வெயிலில் சாதாரணம்தான். ஆனாலும் ஃபேனில் தூசி அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

‘கெர்னல் பவர் 41’ பார்க்கப் பயமாக இருக்கும். முறையாக ஷட்டவுன் ஆகாமல் லேப்டாப் நின்று திரும்ப ஓடியது என்பதுதான் அதன் அர்த்தம். பேட்டரி செத்த லேப்டாப்பில் கரண்ட் போனால் இது வரத்தான் செய்யும். கரண்ட் இருக்கும்போதே அடிக்கடி வந்தால் மட்டும் விசாரிக்க வேண்டும்.

இதைக் காட்டியே பணம் பறிக்கிறார்கள்

‘மைக்ரோசாஃப்ட்டிலிருந்து பேசுகிறோம், உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்’ என்று போன் வரும். ஈவென்ட் வியூவரைத் திறக்கச் சொல்வார்கள். சிவப்பு வரிகளை எண்ணச் சொல்வார்கள். பயந்து போனதும் எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற செயலியைப் போடச் சொல்லி, லேப்டாப்பையே தங்கள் கைக்கு எடுத்துக்கொள்வார்கள். 2023 அக்டோபரில் ‘ஆபரேஷன் சக்ரா-2’ என்ற பெயரில் சி.பி.ஐ. நாடு முழுவதும் 76 இடங்களில் சோதனை நடத்தியது. மைக்ரோசாஃப்ட், அமேசான் பெயரைச் சொல்லி வெளிநாட்டவரை ஏமாற்றிய போலி கால் சென்டர்களும் அதில் சிக்கின.

மைக்ரோசாஃப்ட் தானாக யாருக்கும் போன் செய்து ரிப்பேர் பார்ப்பதில்லை, அதன் எரர் செய்திகளில் போன் நம்பரும் இருக்காது. அப்படி யாராவது பேசினால் போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

சர்வீஸ் கடைக்குப் போவதாக இருந்தால் ‘நிறைய எரர் வருது’ என்று மட்டும் சொல்லாதீர்கள். வரியையும், வந்த நேரத்தையும், அப்போது லேப்டாப்பில் எது வேலை செய்யவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எல்லாமே வேலை செய்தது என்றால் கடைக்குப் போகும் செலவு மிச்சம்.