வாயிலில் நிற்பவர்

விடுதி வாயிலில் கதவு திறந்து வரவேற்பவர் ஒருவர். ஒவ்வாதாரைத் தோள்வலியால் வெளியேற்றும் ‘பவுன்சர்’ இன்னொருவர். பண்டைத் திருச்சபையில் இவ்விரு பணிகளும் ஒருவரிடமே இருந்தன. உரோமையின் வாயிற்காப்போரைத் திருத்தந்தை கொர்னேலியுஸ் 251ஆம் ஆண்டு மடலிலேயே குறிப்பிடுகிறார். விசுவாசிகளுக்குக் கதவு திறப்பதும் தகாதோரைத் தடுப்பதும் அவர்தம் கடமை. அச்சிறு பட்டத்தைத் திருத்தந்தை ஆறாம் பவுல் 1972இல் நீக்கினார்.

மடத்து வாயிலுக்கோ, 6ஆம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் வலியவரைத் தேடவில்லை. அறிவு முதிர்ந்த முதியவரையே அமர்த்தச் சொன்னார். ஏழை தட்டியதும் அவர் இறைவனுக்கு நன்றி கூறவேண்டும். செர்மனியின் ஆல்ட்டோட்டிங் மடத்தில் 41 ஆண்டுகள் வாயில் காத்து, ஏழையர்க்கு அப்பம் வழங்கிய சகோதரர் கொன்ராடு 1934இல் புனிதராக உயர்த்தப்பெற்றார்.

வருவோரை ஐயத்தோடு நோக்குவதா, நன்றியோடு நோக்குவதா என்பதே அவ்விருவருக்கும் உள்ள வேறுபாடு. நம் ஆலய வாயிலில் நிற்பவர் யார்?