கூண்டும் கிளியும்

1613-இல் டச்சுக்காரர் பழவேற்காட்டில் கெல்திரியாக் கோட்டையை எழுப்பினர். சோழமண்டலக் கரைத் துணி கப்பலேறிக் கிழக்குத் தீவுகளின் வாசனைப் பொருள்களுக்கு மாறிற்று. கடல் வழி பறவைகளையும் இடம் மாற்றியது. 1840-இல் ஜான் கூல்டு ஆஸ்திரேலியப் பட்ஜெரிகர் கிளிகளை உயிருடன் இங்கிலாந்தில் சேர்த்தார். அவற்றையே நம்மவர் ‘லவ் பேர்ட்ஸ்’ என்பர். அப்பெயரோ உண்மையில் ஆப்பிரிக்கக் கிளிக்கு உரியது.

இப்பெயர் மயக்கத்தால், ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து வந்த என் மாணவன் ஒருவன் இரண்டையும் ஒரே கூண்டில் அடைத்தான். மறுநாள் பட்ஜெரிகரின் காலில் குருதி கண்டேன். ஆப்பிரிக்கக் கிளியின் அலகு வலியது; குணமும் கடியது. ஆதலின் ஓரினத்தை அதே இனத்தோடு வைப்பதே முறை.

நம் பச்சைக்கிளியை எதனோடும் அடைத்தல் ஆகாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். அதற்கேற்ற துணை, தோப்பில் பறக்கும் தன் கூட்டமே.