ஒரு ராத்தல் தானியம்

மதுரையில் நம்மிடம் ஓதிய பழைய மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு ஒரு சீட்டைக் கொணர்ந்து நம் கையில் தந்தார். அவர் மகளுக்கு மணம் பேசியிருந்தனர். பெண் சற்றுப் பருமன் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிடவே, எடை குறைக்கும் நிலையம் ஒன்றில் பணம் கட்டி அச்சீட்டைப் பெற்றிருந்தார். காலையில் இட்லி இரண்டு, நண்பகலில் வேகவைத்த காய் ஒரு கிண்ணமும் சப்பாத்தி ஒன்றும், மாலையில் ஆப்பிள் பழம் ஒன்று, இரவில் மோர். எத்துணைத் தாராளமாகக் கணக்கிட்டாலும் 600 கலோரிக்கு மேல் தேறவில்லை. “உஸ்தாது, இது ஒரு பிள்ளைக்குப் போதுமா?” என்று கேட்டார்.

நாம் வைத்தியர் அல்லோம். ஆயினும், ஒரு மனித உடலுக்கு எவ்வளவு உணவு போதும் என்னும் இக்கேள்வியை வைத்து நம் மாகாணத்தில் அதிகாரிகள் இருவர் கடுமையாக வாதாடிய வரலாறு நம் நினைவுக்கு வந்தது. அதனையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

1876ஆம் ஆண்டு பருவமழை பொய்த்தது. தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் சொல்லிச் சொல்லி அஞ்சியது இதனையே. கண்மாயை நம்பிய மதுரைச் சமவெளிக்குக் கண்மாயே கைவிட்டது. குடியானவர் பலர் கடல் கடந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போயினர். மதுரை நகரில் குஞ்சரத்தம்மாள் என்னும் பெண்மணி தம் செல்வத்தையெல்லாம் விற்றுக் கஞ்சி வார்த்தார் என்பது இன்றளவும் வழங்கும் செவிவழிச் செய்தி. அரசாங்கமோ கல்லுடைத்தல், மண் சுமத்தல் போன்ற நிவாரண வேலைகளைத் திறந்து, வந்தோர்க்குக் கூலி கொடுத்தது.

அக்கூலியின் அளவில்தான் வழக்கு எழுந்தது. 1877 சனவரியில், ஹிஜ்ரி 1294 தொடங்கிய மாதத்தில், வைசிராய் லிட்டன் பிரபு, சர் ரிச்சர்டு டெம்பிள் என்பாரைச் சென்னைக்கு அனுப்பினார். 1874ஆம் ஆண்டு பீகார்ப் பஞ்சத்தில் பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்துப் பெருஞ்சாவு நேராமல் காத்தவரும் இவரே. அதற்குக் கிடைத்த பரிசு, பணத்தை வாரி இறைத்தார் என்னும் ஏச்சு. இம்முறை சிக்கனத்தில் பெயர் எடுக்க விரும்பினார் போலும். உழைக்கும் ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியத்தின் விலையும், கறிக்கும் உப்புக்குமாகச் சிறு காசும் போதும் என்று விதித்தார். பெண்டிர்க்கும் பிள்ளைகட்கும் அதனினும் குறைவு. (ராத்தல் என்பது நம் அரபு ‘ரத்ல்’தான். எடைக்கல்லோடு சொல்லும் கரையேறி வந்தது.) இன்றைய நிறுவையில் அது சுமார் 450 கிராம், கலோரிக் கணக்கில் ஏறத்தாழ 1,600.

இதனை எதிர்த்தவர் சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ். சும்மா எதிர்த்தவர் அல்லர். மாகாணத்து மக்கள் உண்ணும் உணவையும் சிறைக் கைதிகளின் உணவையும் பற்றி 1863ஆம் ஆண்டிலேயே அறிக்கை தொகுத்தவர். ஒன்றரை ராத்தல் தானியமும், அதனுடன் பருப்பும் காய்கறியும் இன்றி உழைக்கும் உடல் நிலைக்காது என்றார். டெம்பிளோ, உடல்நூலார் கொள்கைகள் நாளுக்கு நாள் மாறுவன, அவற்றை நம்பிக் கருவூலத்தைத் திறக்கலாகாது என்னும் போக்கில் விடையிறுத்தார். கூலிக்கு வந்தவன் அன்றே வீழ்ந்து மடிவதில்லை அல்லவா? அதுவே அவருக்குச் சான்றாயிற்று. குறைவுணவின் கொடுமையே இதுதான்: அது நாள் கணக்கில் தெரியாது, மாதக் கணக்கில்தான் தெரியும். 1877 மார்ச்சில் சென்னை அரசாங்கம் தானியத்தை ஒன்றேகால் ராத்தலாக உயர்த்திச் சிறிது பருப்பும் சேர்த்தது. அதற்குள் காலம் கடந்திருந்தது. 1878 வரை நீண்ட அப்பஞ்சத்தில் இந்நாட்டில் 50 லட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

கல்லுடைத்த கூலியையும் வீட்டிலிருக்கும் மணப்பெண்ணையும் ஒரே தட்டில் வைப்பது முறையா என்று வாசகர் கேட்கலாம். முறையன்று, ஒப்புகிறோம். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் (நம் குன்னூரில் 1918இல் பிறந்த ஆய்வுக்கூடமே அது) 2020இல் வகுத்தபடி, அதிகம் உழைக்காத பெண்ணுக்கு நாள் ஒன்றுக்கு 1,660 கலோரி வேண்டும். பருத்த உடல் தன் கொழுப்புச் சேமிப்பிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்ளும் என்பதும் உண்மையே. ஆனால் 600 என்பது டெம்பிள் கூலியில் பாதியும் இல்லை. உடல் அவ்வளவு பெரிய பள்ளத்தைக் கொழுப்பைக் கொண்டு மட்டும் நிரப்புவதில்லை. தசையையும் கரைத்துக் கொடுக்கிறது. பிறகு செலவைச் சுருக்குகிறது: குளிர் தாங்காது, தலைமயிர் உதிரும், மாதவிலக்குத் தவறும், பித்தப்பையில் கல் சேரும்.

இதனைச் சோதித்தே பார்த்தனர். 1945இல் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர், தாமே முன்வந்த 36 இளைஞர்க்கு ஆறு மாதம் நாளுக்கு 1,600 கலோரிக்குச் சற்றுக் குறைவாக உணவளித்தார். டெம்பிள் கூலியின் அளவே என்க. எடையில் கால்பங்கு போயிற்று. நாடி தளர்ந்தது, மனம் சோர்ந்தது, நல்ல படிப்பாளிகள் சமையற்புத்தகங்களை மடியில் வைத்துக்கொண்டு பொழுது போக்கினர். பின்னர் வேண்டுமட்டும் உண்ணவிட்டபோது வயிறு நிறைந்தும் பசி அடங்காமல் தின்றனர். போனதைவிட மிகுதியாகக் கொழுப்பு திரும்பியது. சீட்டு வாங்கி மெலிந்தோர் மறு ஆண்டே முன்னிலும் பருப்பதன் காரணம் இதில் இருக்கிறது.

டெம்பிள் விதித்த ஆண்டிலிருந்து சரியாக நூறாண்டு கழித்து, 1977இல், அதே அமெரிக்காவில் எடை குறைக்கும் ‘புரதநீர்’ மோகம் பரவியிருந்தது. நாளெல்லாம் 300, 400 கலோரி அளவுக்கு அதனை மட்டும் குடித்தோரில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பலர்க்கு இதயத் துடிப்பே தடுமாறி நின்றது. களஞ்சியம் நிறைந்த நாட்டில், காசு கொடுத்து வாங்கிய பஞ்சம்!

குறைத்து உண்பதை நாம் பழிக்கவில்லை. ஹிஜ்ரி 505இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களைவிட வயிற்றை அடக்கச் சொன்னவர் யார்? அவர்களே இஹ்யாவில், இரண்டு ரொட்டி உண்பவன் ஒன்றுக்கு வரவேண்டின் ஒரே நாளில் குறைக்கலாகாது, நாளுக்கு ரொட்டியில் முப்பதில் ஒரு பங்கெனக் குறைத்து மாத முடிவில் ஒன்றுக்கு வரட்டும் என்று வழி சொல்லியிருக்கிறார்கள். இன்றைய மருத்துவர் நாளுக்கு 500 கலோரி அளவே குறைக்கச் சொல்வதும், 800க்குக் கீழே மருத்துவர் கண்காணிப்பின்றிப் போகலாகாது என்பதும் இப்பாதையிலேயே செல்கின்றன.

இவற்றையெல்லாம் மாணவரிடம் சொல்லி, அச்சீட்டுடன் பெண்ணை மருத்துவர் ஒருவரிடம் அழைத்துப் போகச் செய்தோம். மூன்று மாதமாகக் கூந்தல் கற்றையாக உதிர்வதை அவள் தாயிடமும் சொல்லவில்லை என்பது அங்கேதான் தெரிந்தது. சீட்டு மாறியது, முட்டையும் பருப்பும் மீனும் தட்டுக்கு வந்தன. ரமளானில் எடை இறங்கும் என்று சஹரை விட்டிருந்தவள் மீண்டும் சஹருக்கு எழுந்தாள். மாதத்துக்கு இரண்டு கிலோ குறைகிறது என்றார் மாணவர். மாப்பிள்ளை வீட்டாருக்கு அந்த வேகம் போதவில்லையாம். அவர்களிடம் பேச வருமாறு நம்மை அழைத்திருக்கிறார். வருகிற வெள்ளி ஜும்ஆவுக்குப் பின் போகிறோம்.