ஜாமீன்

பிள்ளையைப் போலீஸ் பிடித்துப்போனால், ‘ஜாமீன்ல எடுக்கணும்’ என்று வீடு பதறும். ஆனால் அரபியில் இச்சொல் விடுதலையைக் குறிக்காது. ‘ளாமின்’ என்றால் பொறுப்பேற்கும் ஆள். பாரசீகம், உருது வழியாக நம்மிடம் வந்தது. நிலத்தைக் குறிக்கும் ‘ஜமீன்’ வேறு சொல். ஆளைச் சொல்ல நாம் ‘ஜாமீன்தார்’ என்று வால் சேர்த்துக்கொண்டோம்.

தமிழில் பிணை. புதுக்கோட்டைப் பக்கத்துக் களங்களில் முன்பு கதிர் மிதிக்க மாடுகளை ஒரே கயிற்றில் பூட்டியதும் பிணையல்தான். ஒரு மாடு விலகினால் அடுத்ததன் கழுத்து இழுபடும். அதுபோலத்தான், கோர்ட் அழைத்த நாளில் விடுவிக்கப்பட்டவர் வராவிட்டால், பிணைப் பத்திரத்தில் எழுதிய தொகைக்கு ஜாமீன்தார் பதில் சொல்ல வேண்டும். முன்பணமாக அதை அவர் கட்டுவதில்லை. அமெரிக்காவைப் போலக் கட்டணத்துக்குப் பிணை நிற்கும் சட்டப்படியான தொழிலும் இங்கே இல்லை. ஆகவே வீட்டுவரி ரசீதை மஞ்சப்பையில் சுருட்டிக்கொண்டு மாமனோ பங்காளியோதான் கோர்ட் வாசலில் நிற்கிறார்.

அப்படி ஆளில்லாத ஏழைக்கு? 1978இல் மோதிராம் என்ற கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்டார்கள். சகோதரர் முன்வந்தும், சொத்து வேறு மாவட்டத்தில் என்று மறுத்தார்கள். உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் அது தவறென்றார். 1,000 ரூபாய்க்குச் சொந்தப் பத்திரத்தில் அவரை விடுவிக்கச் சொன்னார்.