பிங்கும் ஆர்ப்பும்

ஒரே ஸ்விட்சில் செருகிய இரண்டு கணினிகள் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை என்றால் எல்லோர் கையும் முதலில் போவது பிங்குக்குத்தான். ஐபி முகவரிக்கு உரிய கருவியின் மேக் முகவரியைத் தேடித் தரும் ஆர்ப்பின் அட்டவணையைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. இத்தனைக்கும் மூத்தது ஆர்ப்: டேவிட் பிளம்மர் 1982 நவம்பரில் அதன் விதிமுறையை வெளியிட்டார். மைக் மூஸ் பிங்கை எழுதியது 1983 டிசம்பரில். சோனார் ஒலியின் பெயரைச் சூட்டிக்கொண்ட இளையதற்கே புகழெல்லாம் போய்ச் சேர்ந்தது.

இரண்டும் கேள்வி கேட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவை. கேட்கும் விதம்தான் வேறு. பிங் உரியவரிடம் மட்டும் கேட்கிறது. ஆர்ப்போ தெருமுனையில் நின்று ‘இந்த எண் யாருடையது?’ என்று கூவுகிறது; எண்ணுக்கு உரியவர் மட்டும் பதில் தருகிறார். பிங் கடல் கடந்தும் போகும். ஆர்ப் ரவுட்டரைத் தாண்டாது.

அந்தக் குறுகிய எல்லைக்குள் ஆர்ப்புக்கு ஒரு சலுகை உண்டு. நெட்வொர்க் ‘பப்ளிக்’ என்று குறிக்கப்பட்டிருந்தால், விண்டோஸ் ஃபயர்வால் வெளியிலிருந்து வரும் பிங்கை ஓசையின்றி விழுங்கிவிடும். ஆர்ப்பை அது பொதுவாகத் தடுப்பதில்லை. தடுத்தால் அந்தக் கணினியை அக்கம்பக்கத்தில் எவராலும் அடைய முடியாது. ஆகவே பிங்குக்குப் பதில் இல்லை என்பது கணினியே இல்லை என்பதற்குச் சான்றாகாது.

சுவையான உறவு இனிமேல்தான். உள்வலையமைப்பில் பிங் புறப்படுவதற்கு முன் ஆர்ப் போய் வந்தாக வேண்டும். அதனால் பிங்கின் தோல்வியிலேயே ஆர்ப்பின் முடிவும் பதிவாகியிருக்கும். 192.168.1.10 என்ற கணினியிலிருந்து 192.168.1.20-க்கு பிங் அடிக்கிறோம். ‘ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்’ என்று வந்தால், பெரும்பாலும் ஆர்ப்புக்குப் பதில் கிடைத்துவிட்டது, பிங்குக்குத்தான் கிடைக்கவில்லை. எதிர்ப்பக்க ஃபயர்வாலைப் பார்க்கலாம். ‘டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்’ என்று வந்தால், அந்த வரியில் உள்ள முகவரியைக் கவனியுங்கள்: 192.168.1.10. பதில் சொல்வது நம் கணினியேதான். ஆர்ப் கூவியும் யாரும் வரவில்லை என்று அறிவிக்கிறது. வேடிக்கை என்னவென்றால், விண்டோஸ் இதையும் பதில் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். கடைசி வரியில் இழப்பு 0 சதவீதம் என்று காட்டும். அந்த வரியை மட்டும் பார்ப்பவர் இணைப்பு நன்றாக இருப்பதாகவே நினைத்துக்கொள்வார்.

இந்த இரண்டாவது நிலையில் ஃபயர்வாலை அணைத்துப் பார்ப்பது வீண்வேலை. கேபிள், ஸ்விட்ச் போர்ட், எதிர்க்கணினி டிஹெச்சிபி வழியே முகவரி கிடைக்காமல் 169.254 என்று தானே முகவரி போட்டுக்கொண்டதா என்பவை முதலில். வைஃபை என்றால், ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க விடாத ‘ஐசொலேஷன்’ ரவுட்டரில் போடப்பட்டிருக்கலாம். அப்போது இரண்டு கணினிகளிலும் இணையம் ஓடும், பிங்கும் ஆர்ப்பும் சேர்ந்தே தோற்கும்.

பிங் வெற்றி பெற்றும் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. ஒரே ஐபி முகவரி இரண்டு கருவிகளுக்கு அமைந்துவிட்டால், ஏதோ ஒன்று பதில் சொல்ல, பிங் திருப்தியடைந்துவிடும். ஆர்ப் அட்டவணை அதன் மேக் முகவரியைக் காட்டுவதால் ஆள் மாறியது தெரிந்துவிடும். அதற்காக ஆர்ப்பைச் சத்தியசந்தன் என்று கொள்ள வேண்டாம். பதில் சொன்னவர் யாரானாலும் நம்பிவிடும் குணம் அதற்குண்டு. ஆர்ப் மோசடிகள் நடப்பதே அதனால்தான். பழைய பதிவைச் சற்று நேரம் வைத்துக்கொண்டும் இருக்கும். அழித்துவிட்டுச் சோதிப்பது நல்லது.

இரண்டும் சரியாக இருந்தும் பகிர்ந்த ஃபோல்டர் திறக்கவில்லையா? அது டிசிபி 445-ஆம் போர்ட்டின் விவகாரம். இவை இரண்டுக்கும் அங்கே வேலை இல்லை.

ஐபிவி6-இல் இந்த ஒப்பீடே குலைந்துவிடுகிறது. அங்கே ஆர்ப் கிடையாது. அண்டைக் கணினியைத் தேடும் வேலை, பிங் சவாரி செய்யும் அதே ஐசிஎம்பிக்குள் வந்துவிட்டது: பிங் கேள்விக்கு வகை எண் 128, அண்டைத் தேடலுக்கு 135. பழைய பழக்கத்தில் ஐசிஎம்பியை ஒட்டுமொத்தமாக அடைக்கும் நிர்வாகி, பிங்கோடு சேர்த்துப் பக்கத்துக் கணினிக்கான வழியையும் அடைத்துவிடுகிறார்.