இரவில் எழுதிய நிரல் யாருக்குச் சொந்தம்?

விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூரில் வட்டப்பாறை உண்டு. அதன்முன் பொய்ச்சத்தியம் செய்தவர் தப்ப முடியாது என்பது ஊர் நம்பிக்கை. "இது யாருடையது?" என்ற வழக்குகள் அங்கே சத்தியத்தால் தீர்ந்தன. கணினி நிரலுக்கு அதே கேள்வி வந்தால், வேலையில் சேரும்போது போட்ட கையெழுத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இந்தச் சிக்கலை முன்பே உணர்ந்தவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். 1983 செப்டம்பரில் குனு திட்டத்தை அறிவித்த அவர், 1984 ஜனவரியில் எம்.ஐ.டி. வேலையை விட்டார். ஊழியராக இருந்துகொண்டே எழுதினால் அந்த நிறுவனம் நிரலுக்கு உரிமை கோரலாம், அதைத் தனியுரிம மென்பொருளாகவும் மாற்றிவிடலாம் என்பதே காரணம். வேலையை விட்ட பிறகும் ஆய்வகத்தைப் பயன்படுத்திக்கொள்ளச் சொன்னார் அதன் தலைவர் பேராசிரியர் வின்ஸ்டன்.

எல்லோராலும் இப்படி வேலையை விட முடியுமா? 1985இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வேறு வழி கண்டது. ஈமாக்ஸ் போன்ற குனு மென்பொருள்களுக்குப் பங்களிப்பவரின் நிறுவனம் உரிமை கோர வாய்ப்பிருந்தால், கோரமாட்டோம் என்று அந்த நிறுவனத்திடமே எழுதி வாங்கியது.

இந்தியாவில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இதைப் பற்றிப் பேசுகிறது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், ஊழியர் தன் பணியின் பகுதியாகப் படைத்ததற்கு நிறுவனமே முதல் உரிமையாளர். 1984ஆம் ஆண்டுத் திருத்தம் கணினி நிரல்களையும் இலக்கியப் படைப்பு என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. ஸ்டால்மன் வேலையை விட்ட அதே ஆண்டு!

சரி, வீட்டில் இரவு பத்து மணிக்குச் சொந்தக் கணினியில் எழுதியது? அது பணியின் பகுதி இல்லை என்று வாதிடலாம். ஆனால் பணிக்காலத்தில் உருவாக்கும் அனைத்தும் நிறுவனத்துக்கே என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்தால் சிக்கல்தான். உரிமை இல்லாதவர் கொடுத்த நிரலைத் திட்டம் பின்னர் நீக்க வேண்டி வரலாம். நஷ்டம் அதைப் பயன்படுத்தும் அனைவருக்கும்.

நிலைமை மாறாமலும் இல்லை. கிட்ஹப் நிறுவனம் 2017இல் தன் ஊழியர் ஒப்பந்தத்தைத் திருத்தி, நிறுவனத்துக்காகவோ அதன் தொழில் தொடர்பாகவோ உருவாக்கியதைத் தனக்குரியதாக்கியது. மற்ற நிறுவனங்களும் எடுத்தாளலாம் என்று அதைப் பொதுவில் வெளியிட்டது.

விழுப்புரத்திலும் குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. இத்தகைய குழுக்களில் பழகிய மாணவர்கள் நாளை சென்னையிலோ பெங்களூரிலோ வேலைக்குச் சேர்வார்கள். சம்பளத்தைப் பார்க்கும் கண், அந்த ஒரு வரியையும் பார்க்கட்டும். கேட்க வேண்டியதைக் கையெழுத்துக்கு முன் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வதே நல்லது.