தேக்குத் தோட்டங்களில் கலைத்தல்

தேக்கு, பைன் முதலிய மரங்களை நெருக்கமாக நட்டு வளர்க்கும் வனத் தோட்டங்களில், நின்று முதிர வேண்டிய மரங்களுக்கு வெளிச்சமும் நீரும் மண்ணின் சத்தும் தடையின்றிக் கிடைக்கும்பொருட்டு, இடையிலுள்ளவற்றைக் குறித்த வயதுகளில் வெட்டி அகற்றும் முறை கலைத்தல் எனப்படும். பெரம்பலூர் மாவட்டத்துக் குரும்பலூர்ப் பக்கத்து மக்காச்சோளக் கொல்லைகளில் குத்துக்கு ஒரு பயிரை நிறுத்தி மற்றவற்றைப் பிடுங்குவதும் இதே தொழில்தான்; ஆயினும் அங்கே ஒரு போகத்துக்குள் கைமேல் தெரிந்துவிடும் பலன், மரத்தில் அரை நூற்றாண்டு கழிந்த பின்னரே முழுமையாக வெளிப்படுகிறபடியால், ஒருவர் தொடங்கிய அளவீட்டை அவருக்குப் பின் வந்த தலைமுறைகள் விடாது தொடர்ந்தே இதன் உண்மையை அறிய வேண்டியதாயிற்று.

ஜெர்மானிய வன சாஸ்திரியான ஹார்ட்டிக் 1791-இல் வகுத்த விதிகளில், நிழலில் அமுங்கிப்போன மரங்களை மட்டும் எடுக்க வேண்டும், மரத்தலைகள் கூடி அமைந்த மேற்கவிகை ஒருபோதும் திறக்கப்படலாகாது என்ற எச்சரிக்கையே மேலோங்கி நின்றது. டென்மார்க்கில் ரெவெண்ட்லோ பிரபு ஓக், பீச் மரங்களை அளந்து பார்த்து, இதற்கு நேர்மாறாக, இளமையிலேயே தாராளமாக இடம் கொடுத்தால்தான் மரம் பருக்கும் என்ற முடிவுக்கு வந்தார்; 1827-இல் அவர் காலமான பிறகு அரை நூற்றாண்டு கழித்து, 1879-இல்தான் அவருடைய நூல் அச்சேறிற்று. எவ்வளவு வெட்டுவது, எப்போது வெட்டுவது என்னும் இந்த விவாதம் ஐரோப்பாவில் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே நம் நாட்டில் முதல் தேக்குத் தோட்டம் தோன்றிவிட்டது.

அப்போது சென்னை ராஜதானியைச் சேர்ந்திருந்த மலபார் ஜில்லாவின் கலெக்டர் கொனோலி, கப்பல் கட்டுவதற்கான தேக்கு காடுகளில் அருகி வருவதைக் கண்டு, 1840-களின் தொடக்கத்தில் நிலம்பூரில் சாலியாற்றங்கரையில் தேக்கு பயிரிடும் முயற்சியை ஆரம்பித்தார். முதலில் விதைகள் முளைக்க மறுத்தன. அந்தச் சங்கடத்தைத் தீர்த்து, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான நாற்றுகளை நட்டு, தோட்டத்தை நிலைநிறுத்திய பெருமை அவருக்குக் கீழ்ப் பணியாற்றிய சாத்து மேனோனைச் சாரும். கலெக்டரின் பெயரை உலகம் அறிந்த அளவுக்கு இந்த மனிதரின் பெயரை அறியாமற் போனது வருந்தத்தக்கது. 1846-இல் நட்ட பகுதியில் சுமார் 2.3 ஹெக்டேர் இன்றும் கொனோலி தோட்டம் என்ற பெயரால் காக்கப்பட்டு வருகிறது. அங்கே எஞ்சி நிற்கும் மரங்கள் நூற்றுக்குச் சற்று மேற்பட்டவையே. நெருங்க நட்ட தோட்டம் ஒன்று தன் ஆயுளில் எத்தனை மரங்களை இழந்து எத்தனையை வளர்க்கிறது என்பதை, ஹெக்டேருக்கு ஐம்பது என்ற அளவில் ஓங்கி நிற்கும் அந்தப் பெருமரங்கள் கண்ணெதிரே காட்டுகின்றன.

1864-இல் ஜெர்மானியரான பிராண்டிஸ் இந்திய வன இலாகாவின் தலைமையை ஏற்றதும், ஜெர்மானியக் கல்வி இந்தியக் காடுகளுக்குள் முறையாகப் புகுந்தது. 1906-இல் டேராடூனில் வன ஆராய்ச்சி நிலையமும், 1912-இல் கோயம்புத்தூரில் வனக் கல்லூரியும் ஏற்பட்டன. ஆனைமலையின் டாப்சிலிப் பகுதியில் வெட்டி ஓய்ந்த காடுகளை வன அதிகாரி ஹியூகோ உட் தேக்கால் மீண்டும் நிரப்பியதும் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தை அடுத்த காலத்திலேதான். அதிகாரியின் கண் மதிப்பையே நம்பியிருந்த கலைப்புக்கு, நிரந்தர மாதிரித் தளங்களில் மரத்துக்கு மரம் சுற்றளவு எடுக்கும் வழக்கம் ஓர் ஆதாரத்தை அளித்தது. அவ்வளவீடுகளைத் திரட்டி வன ஆராய்ச்சியாளர்களான லாரியும் ராமும் 1940-இல் வெளியிட்ட தேக்கு விளைச்சல் அட்டவணைகள், எந்தத் தரமுள்ள நிலத்தில், எந்த வயதில், எத்தனை மரங்கள் நிற்கத் தகும் என்பதை எண்களில் எடுத்துரைத்தன.

நடைமுறையை இங்கே சற்று விரித்துரைப்பது பயன்படும். இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் இடைவெளியில் நட்டால் ஹெக்டேருக்கு 2,500 கன்றுகள் நிற்கும். நாலைந்தாம் ஆண்டில், தரம் பாராது, ஒன்றுவிட்டொரு மூலைவிட்ட வரிசையை எடுத்துவிட, 1,250 நிற்கும். எட்டு முதல் பத்தாம் ஆண்டுக்குள் மறுபடியும் பாதியை எடுக்க, சுமார் 625 நிற்கும். அதன்பின் வரிசைக் கணக்கு போய், மரத்தைப் பார்த்து முடிவு செய்யும் காலம் வருகிறது: வளைந்தது, கவடு விட்டது, நோயுற்றது, அண்டை மரத்தின் நிழலில் ஒடுங்கியது ஆகியவை முதலில் போகும்; பின்னர், நல்ல மரமொன்றின் தலையோடு உராயும் மற்றொரு நல்ல மரமும் போக வேண்டும். இந்தக் கடைசி வெட்டுக்குத்தான் மனத்திடம் வேண்டும்; பழகிய வனவர்களும் தயங்குமிடம் இதுவே.

இவற்றின் நெடுங்காலப் பலன் என்ன என்பதற்கு, ஜெர்மனியில் 1870-களில் தொடங்கிய சோதனைத் தளங்களும், டென்மார்க்கில் வன ஆராய்ச்சியாளர் மோலர் பீச் மரங்களில் கண்ட முடிவுகளும் ஏறக்குறைய ஒரே விடை கூறுகின்றன. மிதமாகக் கலைத்தாலும் சற்றுக் கடுமையாகக் கலைத்தாலும், ஒரு நிலம் தன் ஆயுளில் தரும் மொத்த மரக் கனஅளவு பெரிதும் மாறுவதில்லை. மேற்கவிகை மரங்களின் உயரமும் நெருக்கத்தால் அதிகம் பாதிக்கப்படுவதில்லை. மாறுவது, அந்தக் கனஅளவு எத்தனை அடிமரங்களில் பங்கிடப்படுகிறது என்பதே. சுற்றளவு இருமடங்கானால் குறுக்கு வெட்டுப் பரப்பு நான்கு மடங்காகும். பருத்த மரத்தில் வைரம் மிகுந்தும் வெளிறு குறைந்தும் இருக்கும். ஆகவே ஒரே கன அடிக்குக் கிடைக்கும் விலையும் உயர்கிறது. விரைந்து பருத்த தேக்கு வலுக்குன்றும் என்ற பழைய ஐயத்தை மரப் பரிசோதனைகள் பொதுவாக உறுதிப்படுத்தவில்லை. மாறாக, கலைப்பைப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் தள்ளிப்போட்டால், ஒடுங்கிய கிளைத்தலை பிற்பாடு இடம் கிடைத்தும் எளிதில் விரிவதில்லை; அந்த நஷ்டத்தை எந்த வெட்டும் ஈடு செய்யாது.

பைன் மரத்தில் இந்த உண்மையை முற்றிலும் துணிவாகக் கையாண்டவர்கள் தென்னாப்பிரிக்கர். 1935 முதல் ஓ'கானர் நிறுவிய சோதனைகளும், 1939-இல் கிரெய்ப் வெளியிட்ட ஆராய்ச்சியும், இளமையிலேயே கடுமையாகக் கலைத்துக் கிளை கழித்தால் முப்பதாண்டுக்குள் அறுவை மரம் பெறலாம் என்று காட்டின. அவர்கள் ஆராய்ந்த மெக்ஸிகோ நாட்டு பட்டுலா பைன் நம் நீலகிரியிலும் பழனி மலையிலும் தோட்டமாக வளர்க்கப்பட்டது. எனினும் பைனுக்குரிய துணிவைத் தேக்குக்கு அப்படியே எடுத்தாளலாகாது. திடீரென வெயில் பட்ட தேக்கின் அடிமரத்தில் பக்கத் துளிர்கள் வெடித்துக் கணு உண்டாக்கும். புல் மண்டித் தீப்பற்றும் அபாயமும் கூடும்.

1974-இல் ஏற்பட்ட தமிழ்நாடு வனத் தோட்டக் கழகத்துக்குப் பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களில் உள்ள யூகலிப்டஸ் தோட்டங்கள் சில ஆண்டுகளில் ஒருசேர வெட்டப்படுபவை. அங்கே கலைப்பென்பது, வெட்டிய அடிக்கட்டையில் துளிர்க்கும் பல கிளைகளில் ஒன்றிரண்டை நிறுத்துவதோடு முடிகிறது. ஆனால் பட்டா நிலங்களிலும் வரப்புகளிலும் தேக்கு நட்டவர்களுக்கு இச்சரித்திரம் நேரே பயன்படும். நிலம்பூரில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழிய, இவ்வட்டாரங்களில் பெய்வது 900 மில்லிமீட்டரை ஒட்டியதே. ஆகையால் இங்கு மரங்கள் வெளிச்சத்துக்காகப் போட்டியிடுவதைக் காட்டிலும் வேரில் நீருக்காகவே கடுமையாகப் போட்டியிடுகின்றன, நெருக்கத்தின் தீங்கும் அவ்வளவு விரைவில் வந்துசேருகிறது. நீர் தேங்கும் கரிசலில் தேக்கு எவ்வகையிலும் சிறப்பதில்லை. வடிகாலுள்ள செம்மண்ணில் நட்டவரும், பிள்ளைபோல் வளர்த்த மரத்தை வெட்ட மனமின்றியோ, மெல்லிய கழிக்கு விலையில்லையென்றோ காலங்கடத்தி, இருபதாண்டுக்குப் பிறகும் கைப்பிடியளவு மரங்களையே காண்கின்றனர். தேக்கு வைத்திருக்கும் குடியானவர்கள், கழிக்கு விலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், வனத்துறையாரைக் கலந்து உரிய அனுமதியுடன் ஐந்தாம் ஆண்டுக்குள் முதற்கலைப்பைச் செய்துவிட வேண்டும்.